இடஞ்சுழித் தேநீர்

வாமதேவன் தேநீரைக் கலக்கவில்லை. சீனி வியாதிக்காரருக்குக் கலக்க என்ன இருக்கிறது? கரண்டி இழுப்பறைக்குள் கிடந்தது, இழுப்பறை மூடிக் கிடந்தது, அவருடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. ஆனாலும் கோப்பைக்குள் தேநீர் சுழன்றுகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், இடஞ்சுழியாக, நடுவில் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குக் குழி வைத்துக்கொண்டு. குழியின் அடியில் கோப்பையின் வெள்ளை தெரிந்தது.

கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எடுத்துக் குடித்தார். உப்புக் கரித்தது.

வேறு யாராக இருந்தாலும் கோப்பையை வீசிவிட்டுத் தெருவுக்கு ஓடியிருப்பார்கள். வாமதேவனுக்கு முதலில் வந்தது பயமல்ல, ஒருவிதச் சந்தோசம். அந்த வீட்டில் அவரைத் தவிர இன்னொன்று அசைந்து அவ்வளவு காலமாகியிருந்தது.

லண்டனில் நிலத்தடி ரயிலை முப்பது வருடம் ஓட்டி, அந்தப் பாதையின் தெற்கு முனையான மோர்டனிலேயே வீடும் வாங்கி ஓய்வு பெற்றவர் அவர். அத்தனை காலம் இருட்டில் கிடந்த மனிதர், ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் சூரியனைக் கண்டு "ஆர் நீர்?" என்று கேட்டதாக அயலில் ஒரு கதை உண்டு. மனைவி செல்வமலர் கண்ணை மூடி, ஒரே மகள் தர்ஷினியும் ஒகினாவாவில் ஆங்கிலம் படிப்பிக்க விமானம் ஏறிய பிறகு, சிலந்தி கால் மாற்றி வைத்தாலும் மேல்மாடியில் கேட்கும் என்ற அளவுக்கு வீடு அடங்கிப் போனது. ஃப்ரிட்ஜ் உறுமி ஓயும்போதெல்லாம் விருந்தாளி ஒருவர் எழும்பிப் போனது போல அவருக்கு நெஞ்சு வெறுமையாகும். முன்கதவடியில் மகளுடைய சிவப்புச் செருப்புச் சோடி மட்டும், வீட்டைப் பார்த்தபடி, அவள் கழற்றி வைத்த இடத்திலேயே இருந்தது.

சூறாவளி பார்க்கும் பழக்கம் அவளால்தான் வந்தது. ஒகினாவா என்பது ஜப்பானின் தெற்கு வாலில் கிடக்கும் தீவு. வடமேற்குப் பசிபிக்கின் சூறாவளிகளுக்கு அது பெருந்தெரு. வைகாசியில் ஒன்றிரண்டாகத் தலைகாட்டி, ஆவணி புரட்டாதியில் பஸ்ஸுக்கு நிற்பதுபோல வரிசை கட்டி வரும். வாமதேவன் மடிக்கணினியில், விண்ணிலிருந்து எடுக்கும் செய்மதிப் படத்தைத் திறந்து வைத்துவிட்டு நாள் முழுக்க அதன் முன்னால் இருந்தார். சூறாவளிகளுக்கு வைத்திருந்த பெயர்கள் வாயில் நுழையாதபடியால் தானே பெயர் வைத்தார். பிலிப்பைன்ஸை மிதித்துப் போன கொழுத்ததுக்குக் கொழுந்தி. தாய்வான் கரையில் முடங்கி வளைந்ததுக்கு நொண்டியன். எல்லாரும் அவருக்கு மகளைக் கண்டுவிட்டு வருகிறவர்கள். அவளுடைய யன்னலைத் தட்டியிருப்பார்கள், அவளுடைய தலைமயிரைக் கலைத்திருப்பார்கள். வடக்கே குளிர்ந்த கடலில் அவர்கள் கரைந்து மெலியும்போது அவர் திரையில் விரலை வைத்து, வீட்டுக்கு வந்த எவருக்கும் சொல்வதைச் சொன்னார்.

"சரி, போயிட்டு வா."

வெறும் "போ" என்று எங்கள் ஆட்கள் எவரையும் அனுப்புவதில்லை. பால்காரனைக்கூட அனுப்புவதில்லை. போகிறவரும் "போறன்" என்று சொல்வதில்லை, "போயிட்டு வாறன்" என்றுதான் சொல்வார். செத்த வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போவார்கள்.

கொழுந்தி போன கிழமைதான் தேநீர் சுழன்றது. நொண்டியன் போன கிழமை, பக்கத்துத் தெருவிலிருந்து பஸ்தியாம்பிள்ளை ஒரு பை ரோல்ஸுடன் வந்தார். அவரும் ஒரு காலத்தில் ரயில் ஓட்டியவர்தான். நடைக்குள் கால் வைத்தவுடனேயே வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஐசே வாமதேவன், உம்மட வீட்டுக்க ஆர் கடற்கரை கட்டினது?"

கால்மிதி ஈரமாக இருந்தது. மழை பெய்து பத்து நாளாகியிருந்தது. மிதியின் நாருக்குள் வெள்ளை மணல் மின்னியது. வாமதேவன் ஒரு மணியை விரலில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதற்கு ஐந்து முனைகள் இருந்தன. நட்சத்திரம் போன்ற மணல். தர்ஷினி ஒரு தடவை உள்ளங்கையில் வைத்துப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள், எங்கட கடற்கரை மணல் அப்பா என்று.

"சப்பாத்துகளை என்னத்துக்கு வட்டமா வைச்சிருக்கிறீர்? கூத்தாடப் போகுதுகளோ?"

வாமதேவன் வைக்கவில்லை. சப்பாத்துகளும் செருப்புகளும் ஒன்றன் குதியை மற்றதன் முனை தொட, நடையில் சுருண்டு கிடந்தன. நடுவில் வெறும் தரை. சிவப்புச் செருப்பு அந்தச் சுருளின் கடைசியில் நின்றது.

ரோல்ஸ் சாப்பிடும்போது வாமதேவன் கொழுந்தியையும் நொண்டியனையும் பற்றிப் பகிடியாகச் சொன்னார். பஸ்தியாம்பிள்ளை மெல்லுவதை நிறுத்தினார்.

"உதுகளுக்கும் போயிட்டு வா எண்டே சொல்லுறனீர்?"

"பின்னை? போ எண்டு சொல்ல ஏலுமே? பிள்ளையைக் கண்டிட்டு வாறதுகள்."

"விசரே உமக்கு? என்ர மச்சான் எங்கட வீட்டில ஆறு மாதம் நிண்டவன். அவன் வெளிக்கிடேக்க நான் வாயே திறக்கேல்லை. திறந்திருந்தால் இப்பவும் என்ர சோபாவிலதான் கிடப்பான்."

இருவரும் சிரித்தார்கள். பஸ்தியாம்பிள்ளை சிரித்தால் மோர்டனில் நிறுத்தி வைத்த கார்களெல்லாம் எச்சரிக்கை மணி அடிக்கும். ஆனால் போகும்போது, நடையில் அந்தச் சுருளைத் தாண்டக் காலைத் தூக்கியவர், ஒரு கணம் அப்படியே நின்று, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சிறிய அலுமாரிக் கதவைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, தெருவில் இறங்கி, திரும்பிப் பாராமல் நடந்தார்.

போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை.

கார்த்திகை பிறந்தது. பருவம் முடிகிற காலம். மாலை நாலு மணிக்கே லண்டன் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடும் மாதம் அது. தர்ஷினி தொலைபேசியில் சொன்ன ஒரு வசனத்தை வாமதேவன் மருந்துபோல வேளைக்கு வேளை விழுங்கிக்கொண்டிருந்தார்: "மார்கழியில வாறன் அப்பா. இனி உங்களோடதான்." மெத்தை உறை மாற்றினார். மேலறை ஹீற்றரை இப்போதே போட்டு வைத்தார். இத்தோடு கடலும் அடங்கிவிடும், பிள்ளையும் வந்துவிடும்.

அப்போதுதான் கடைக்குட்டி பிறந்தான்.

குவாம் தீவுக்குப் பக்கத்தில், காலம் தப்பி. முதலில் திரையில் தேங்காய்ப்பூ சிந்தினாற்போல ஒரு வெண்மை. அடுத்த நாள் கை முளைத்தது. அதற்கடுத்த நாள் நடுவில் கண் திறந்தது. வாமதேவன் பார்த்த கண்களிலேயே சுத்தமான கண் அதுதான், பஞ்சில் குண்டூசியால் குத்தினாற்போல. கடைக்குட்டி நேரே போனான். வளையவில்லை, முடங்கவில்லை. போய் ஒகினாவாவின் மேல் நின்றான்.

நின்றான். நகரவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் எல்லா யன்னலும் பூட்டியிருந்தது. ரயில் வருமுன் சுரங்கத்திலிருந்து ஒரு காற்று வரும். வெளிச்சத்துக்கும் முன்னால், சத்தத்துக்கும் முன்னால், இரும்பும் தூசியும் எலியின் மூச்சும் கலந்து மேடையில் நிற்பவர்களின் மேலங்கிகளைத் தள்ளும் வெதுவெதுப்பான காற்று. தூக்கத்தில் முகத்தில் பட்டாலும் வாமதேவனுக்கு அதைத் தெரியும். அந்தக் காற்றுத்தான் இப்போது படிக்குக் கீழிருந்த அலுமாரியின் இடுக்கால் வந்தது. ஆனால் இரும்பு மணக்கவில்லை. அழுகிய பாசி மணத்தது, நனைந்த கயிறு மணத்தது, கரையொதுங்கிய ஏதோ ஒன்று மணத்தது. கொளுக்கியில் தொங்கிய மேலங்கிகள் ஒவ்வொன்றாக முன்கதவுப் பக்கமிருந்து வீட்டின் உட்பக்கமாகச் சாய்ந்து, அப்படியே நின்றன, யாரோ அவற்றை உடுத்திக்கொண்டு எட்டிப் பார்ப்பது போல.

தொலைபேசி அடித்தது.

"அப்பா?"

"பிள்ளை! எப்பிடியம்மா இருக்கிறாய்?"

"ஐ'ம் ஃபைன் அப்பா. பயங்கரமா அடிச்சது, கரண்ட் இல்லை. இப்ப ஒரு சத்தமும் இல்லை. கண்ணுக்குள்ள நிக்கிறம். வானத்தில நட்சத்திரம்கூடத் தெரியுது."

"வெளியில போகாத, சொல்லிப்போட்டன். கண் தாண்டினால் மற்றப் பக்கத்தால திருப்பி அடிக்கும்."

"ஓம், தெரியும். நான் வாசலிலதான் நிக்கிறன். அப்பா, அங்க என்ன சத்தம்?"

அலுமாரிக் கதவு படபடத்தது. தாழ்ப்பாள் துள்ளியது. நடையின் விளக்கு ஒரு தரம் சிமிட்டி, பழுப்பாகி, போனது. கதவு திறந்தது.

உள்ளே வீடு கூட்டும் தும்புத்தடி இல்லை. வாளி இல்லை. சுவர் இல்லை. சுரங்கத்தைப்போல நீண்ட இருட்டு. அதன் தூரத்து முனையில் ஏதோ சுழன்றது. பெரியது. வெள்ளை. வந்துகொண்டிருந்தது.

செருப்புகள் தரையில் உரசிச் சுற்றத் தொடங்கின. முதலில் மெதுவாக. பிறகு வேகமாக. வாமதேவனின் காதுகள் அடைத்தன. கணுக்காலில் தண்ணீர். குளிரவில்லை அந்தத் தண்ணீர். வெதுவெதுப்பாக இருந்தது, வாய்க்குள் இருப்பதைப்போல.

பஸ்தியாம்பிள்ளை நினைவுக்கு வந்தார். அவருடைய மச்சான் நினைவுக்கு வந்தான். வாமதேவன் தன் வாழ்நாளில் எவருக்கும் சொல்லாத சொல்லை, தொலைபேசியைக் காதில் வைத்தபடியே, அந்த இருட்டைப் பார்த்துக் கத்தினார்.

"போ! போ! திரும்பி வராத! போ!"

நின்றது.

எல்லாம் நின்றது. தண்ணீர் வடிந்தது. மேலங்கிகள் நேராகத் தொங்கின. விளக்கு வந்தது. அலுமாரிக்குள் தும்புத்தடி, வாளி, சுவர். வீட்டுக்குள் அப்படி ஒரு அமைதி. ஃப்ரிட்ஜ்கூட உறுமவில்லை.

காதோடு இருந்த தொலைபேசியில் மூச்சுக் கேட்டது.

"சரி அப்பா," என்றாள் தர்ஷினி. குழந்தையில் அடி வாங்கினால் வரும் குரல். "போறன்."

"உன்னை இல்லையம்மா! பிள்ளை! உன்னைச் சொல்லேல்லை..."

மூச்சு இல்லை. இணைப்பு அறுந்திருக்கவில்லை. எங்கோ தூரத்தில் ஒரு கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

வாமதேவன் மடிக்கணினியைப் பார்த்தார். ஒகினாவாவின் மேல் ஒரு முகிலும் இல்லை. வடமேற்குப் பசிபிக் முழுவதும் துடைத்து வைத்த பீங்கான் போலக் கிடந்தது. கடைக்குட்டி எங்கும் இல்லை.

நடையில் ஒரு சின்னச் சத்தம்.

சிவப்புச் செருப்புகள் திரும்பியிருந்தன. இப்போது அவை வீட்டைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தன. வலது செருப்பு நகர்ந்தது. அது இருந்த இடத்தில் கால் வடிவில் ஈரம். இடது செருப்பு நகர்ந்தது. ஈரம். இன்னொரு அடி. முன்கதவுக்கு இனி ஓரடிதான்.

கண், என்று அவருக்கு விளங்கியது. வீடு கண்ணுக்குள் நிற்கிறது.

அவருக்குத் தெரிந்தது. சொல்லாமல் விட்டால் அவள் போவாள், செத்த வீட்டிலிருந்து போவதைப்போல. சொன்னால், கேட்பது அவள் மட்டும் அல்ல, கடைக்குட்டியும்தான். மேலே அவளுடைய அறையில் ஹீற்றர் யாருக்கோ எரிந்துகொண்டிருந்தது. செல்வமலர் இல்லாத வீடு. சிலந்தியின் காலடி கேட்கும் வீடு.

வலது செருப்பு அசைந்தது.

"போயிட்டு..." என்றார் வாமதேவன். தொண்டை கரித்தது. "போயிட்டு வா, அம்மா."

செருப்புகள் நின்றன.

பிறகு மெல்ல, இடப்புறமாக, வீட்டைப் பார்த்துத் திரும்பின. அவற்றோடு நடையிலிருந்த எல்லாச் சப்பாத்துகளும் திரும்பின. கொளுக்கியில் மேலங்கிகள் இப்போது மற்றப் பக்கமாக, வாசலை நோக்கிச் சாய்ந்தன.

முன்கதவின் மங்கல் கண்ணாடியில் தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் அடியிலிருந்து பச்சையாகி வந்தது. முழங்கால் உயரம். இடுப்பு உயரம். கடிதம் போடும் துவாரத்தின் மூடி தானாக உயர்ந்தது. வெளியே தண்ணீர், சிந்தாமல், அந்தத் துவாரத்தளவுக்கு நிறைந்து, கரும்பச்சையாக நின்றது. அதற்குள் நட்சத்திர மணல் சுழன்றது.

கண்ணாடியின் மறுபுறத்தில் ஒரு வெள்ளை உள்ளங்கை வந்து ஒட்டியது. விரல்களைச் சுற்றித் தலைமயிர் இடஞ்சுழியாக அலைந்தது.

"வந்திட்டன் அப்பா. கதவைத் திறவுங்கோ."

வாமதேவனின் கை ஏற்கெனவே தாழ்ப்பாளில் இருந்தது.