கன்னத்திலிருந்து எடுத்தது

நிழலாகத்தான் இருக்கும். ஜன்னல் கம்பியின் நிழல். இல்லையென்றால் கண்ணாடிக்குப் பின்னால் ஈரம் இறங்கியிருக்கும். பாப்பாவின் கன்னத்தில் அப்படி ஒன்று இருக்க முடியாது. அந்தக் கன்னம் எனக்குப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

நினைத்துக்கொண்டே அவள் துணியால் மறுபடியும் துடைத்தாள். போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்துச் சுவரில் ஏழு படங்கள் வரிசையாக இருந்தன, மகளின் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஒன்று. ஏழிலும் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் மகள், பின்னால் கணவன், நாற்காலியின் முதுகில் அவனுடைய வலது கை. நான்காவது படத்தில்தான் மகளின் இடது கன்னத்தில் கட்டைவிரல் அளவுக்கு அந்த மங்கல். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கணவன், ஒரு படத்தை எவ்வளவு நேரம்தான் துடைப்பாய் என்று கேட்டான். சும்மாதான் கேட்டான். அவள் அதற்குள் கையை எடுத்திருந்தாள். குரலில் எதுவும் இல்லாதபோதும் எடுத்துவிடுவது கைக்குப் பழகிப்போயிருந்தது.

அந்தப் படத்தைத் திருத்தியவள் அவளேதான். ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில் அவளுக்கு டச்சிங் வேலை. மணப்பெண்ணின் பருக்கள், வேலைக்கு விண்ணப்பிக்கிறவனின் கருவளையம், யாரோ ஒருவரின் நெற்றித் தழும்பு எல்லாம் அவள் மேஜைக்கு வந்து காணாமல் போகும். "நீ கை வச்சா காக்காகூட கொக்காயிடும்மா," என்பார் ஸ்டுடியோக்காரர். வேலையில் சூட்சுமம் ஒன்றுமில்லை. புதிதாகத் தோலை உண்டாக்க முடியாது. படத்திலேயே சுத்தமாக இருக்கும் ஓர் இடத்தில், கம்ப்யூட்டர் திரையில் மவுஸோடு நகரும் வட்டத்தை வைத்து அந்தத் தோலை எடுக்க வேண்டும். எடுத்துக் கெட்ட இடத்தின்மேல் வைக்க வேண்டும். எடுத்த இடம் அப்படியேதான் இருக்கும், குறையாது. அப்படித்தான் அவள் நம்பியிருந்தாள்.

நான்காவது பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால், கணவனின் சட்டைக் கையில் இஸ்திரி மடிப்பு இரட்டையாக விழுந்துவிட்டது. படம் எடுக்கப் போகும்போது அவள் இடது கன்னத்தில் பவுடரை அப்பிக்கொண்டு போனாள். பவுடர் மனிதக் கண்ணை ஏமாற்றும், கேமராவை ஏமாற்றாது. திரையில் பார்த்த ஸ்டுடியோக்காரர் என்னம்மா இது என்றார்.

"கதவு இடிச்சிடுச்சுங்க. நான்தான் கவனிக்கல," என்று அவள் சிரித்தாள்.

"உங்க வீட்டுக் கதவு ரொம்ப முரட்டுக் கதவா இருக்கேம்மா," என்று அவரும் சிரித்தார். அப்புறம் ஒரு வருடமும் அவர் கேட்டதில்லை.

அன்று அவள் முகத்தில் எடுப்பதற்கு நல்ல இடமே இல்லை, மறு கன்னம் நிழலில் விழுந்திருந்தது. பக்கத்தில் மகளின் முகம் இருந்தது. ஒரே வெளிச்சம், ஒரே நிறம். அம்மாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கு என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்லும் முகம். வட்டத்தை மகளின் இடது கன்னத்தில் வைத்து எடுத்தாள். பொருத்தம் அவ்வளவு கச்சிதம். தன் வேலையைப் பார்த்துத் தனக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது அவளுக்கு. அடுத்த வருடமும் அங்கிருந்தே எடுத்தாள். அதற்கடுத்த வருடமும்.

புதன்கிழமை ஐந்தாவது படத்தில் வந்திருந்தது. வியாழக்கிழமை ஆறாவதில்.

ஸ்டுடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு, சேமித்து வைத்திருந்த நான்காவது படத்தைத் திறந்து மகளின் கன்னத்தைப் பெரிதாக்கினாள். நிழல் இல்லை. நான்கு கோடுகள், ஊதாவும் பச்சையுமாக. நடுவில் பிறை போல ஒரு வெட்டு. அந்தப் பிறையை அவளுக்குத் தெரியும். அவன் மோதிரத்தின் விளிம்பு. அவள் கை தானாகத் தன் கன்னத்துக்குப் போய், நான்கு வருடத்துக்கு முன் ஆறிப்போன இடத்தைத் தடவியது.

அம்மாவுக்கு ஃபோன் செய்தாள். படத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை, பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அம்மா வழக்கம்போல, அவனுக்குக் கோபம் வந்தால்தான் அப்படி, மற்றபடி தங்கமான மனுஷன், பாப்பா ஒரு நிலைக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றாள். அவள் சரிம்மா என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் தரை துடைத்த மருந்தின் வாசனையும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த அரிசியின் வாசனையும் ஒன்றாகக் கலந்து கிடக்க, தெருமுனையில் அவனுடைய பைக் திரும்பும் சத்தம் மற்ற எல்லா வண்டிகளின் சத்தத்திலிருந்தும் தனியாகப் பிரிந்து வந்தது. எஞ்சின் நின்றது, படியில் ஷூவின் சத்தம் ஏறத் தொடங்கியது. மகள் யாரும் சொல்லாமலே டி.வி.யை அணைத்துவிட்டுப் பென்சில்களை உயர வரிசையில் டப்பாவில் அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கி முடிப்பதற்கும் சாவி திரும்புவதற்கும் சரியாக இருக்கும். எட்டு வயதுக்கு அது எப்படி இவ்வளவு கணக்காகத் தெரியும் என்று அவள் இதுவரை தன்னைக் கேட்டுக்கொண்டதே இல்லை.

"அம்மா, இங்க சூடா இருக்கு," என்று மகள் குனிந்தபடியே சொன்னாள். இடது கன்னம்.

தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. தடம் எதுவும் இல்லை.

"எப்போலேருந்துடா கண்ணு?"

"போட்டோ எடுத்ததுலேருந்து."

சாவி திரும்பியது.

சனிக்கிழமை மாலை. எட்டாவது படம் திரையில் இருந்தது. போன வாரம் எடுத்தது. அவள் தாடையில் ஒரு தடம் இருந்தது, படத்திலும் முகத்திலும். மகளின் கன்னம் மட்டும் சுத்தமாக இருந்தது. இந்த ஒரு படத்திலாவது. காலையிலிருந்து ஐந்து முறை திறந்து பார்த்துவிட்டாள். சுத்தம். வட்டத்தை அங்கே கொண்டுபோகவில்லை. மவுஸ்மேல் கையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

ஸ்டுடியோக்காரர் வெளியே ஒரு வீட்டுக்குப் படமெடுக்கப் போயிருந்தார். முன்னறையில் மின்விசிறி கிறீச்சிட்டது. பைக் வந்து நின்றது. பள்ளியில் பயிற்சி வகுப்பு முடிந்து மகளைக் கூட்டிக்கொண்டு கணவன் உள்ளே வந்தான். இன்றைக்கே ஃபிரேம் கடையில் கொடுத்துவிடலாம் என்றான், நல்ல குரலில். அவள் நாற்காலியின் முதுகில் கை வைத்தான். படத்தில் வைத்திருப்பது போலவே.

"இன்னும் முடிக்கலையா?"

"இல்லீங்க."

"அதை எடுத்துடும்மா. அசிங்கமா இருக்கு."

தடத்தைச் சொன்னான். யாரோ வந்து ஒட்டிவிட்டுப் போன அழுக்கைச் சொல்வது போல.

மகள் வாசலிலேயே நின்றாள். வழக்கமாக ஓடி வந்து மடியில் சாய்கிறவள். தலைமுடி பின்னல் அவிழ்ந்து முகத்தின் இடது பக்கம் விழுந்திருந்தது. காலையில் இறுக்கிப் பின்னிவிட்டிருந்தாள்.

"இங்க வாடா."

வந்தாள். மெதுவாக. அவள் மகளின் முடியை ஒதுக்கினாள்.

நான்கு கோடுகள். நடுவில் பிறை.

மின்விசிறி நின்று நின்று சுற்றியது. குழந்தையின் தோலிலிருந்து சூடு அடித்தது. தொடாமலே தெரிந்தது.

"என்னடா இது?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அம்மாவுடைய சிரிப்பு. உதட்டின் ஒரு பக்கம் மட்டும் ஏறும் அதே சிரிப்பு.

"கதவு இடிச்சிடுச்சும்மா. நான்தான் கவனிக்கல."

எங்கே கற்றாய் என்று அவளால் கேட்க முடியாது. இந்த மேஜைக்கு முன்னால்தான். நான்கு வயதில், இவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தபோது.

திரையின் பக்கம் திரும்பினாள்.

எட்டாவது படத்தில் மகளின் கன்னத்தில் அது இருந்தது.

போன வாரம் எடுத்த படம். காலையில் ஐந்து முறை பார்த்த படம். இப்போது நான்கு கோடுகள். பிறை. ஓரங்கள் ஊறிப் பரவிக்கொண்டிருந்தன. கழுத்துக்கு. காதுக்கு. எடுக்க இடமில்லை. அவள் முகத்திலும் இல்லை. மகள் முகத்திலும் இல்லை. படம் முழுவதிலும் சுத்தமான தோல் ஒருவனுக்குத்தான் இருந்தது. பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

அவனும் குனிந்து பார்த்தான். மூச்சுக் காற்று அவள் காதில் பட்டது. திரையைப் பார்த்தான். குழந்தையைப் பார்த்தான். எதற்கும் திடுக்கிடவில்லை.

"சரி, ரெண்டையும் எடுத்துடு," என்றான். "உனக்குத்தான் வருமே."

மோதிர விரல் நாற்காலியின் முதுகில் தட்டியது. ஒரு முறை. இன்னொரு முறை.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். மகளை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். அந்தச் சூடான கன்னம் அவள் தாடைத் தடத்தின்மேல் அழுந்தியது. திரையில் மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள், கறை பரவிக்கொண்டே இருந்தது.

"மாட்டேங்க," என்றாள்.