பக்கத்துக் கொசுவலை

மோல்மேன் ஊர்த் தியான மடத்தின் பெண்கள் கூடத்தில், ஆளில்லாத பக்கத்துக் கொசுவலை உள்ளே ஒடுங்குவதும் வெளியே உப்புவதுமாக இருந்தது. அதற்குள் தியானத்தில் உட்கார்ந்திருந்தவள் முந்தாநாளே ஊருக்குப் போய்விட்டாள். மின்சாரம் போய் மின்விசிறியும் நின்றுவிட்ட பிற்பகல், துளிக்கூடக் காற்று இல்லை.

தன் வலைக்குள் காலை மடித்து உட்கார்ந்திருந்த டோ நுவே யீ அதையே பார்த்தாள். முப்பது வருடம் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் கடையில் நின்று நின்று தேய்ந்த இடுப்பு அவளுடையது. ஊசி, தைலம், மாத்திரை என்று எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியாகத்தான் இந்தப் பத்து நாள் தியானம். இன்று சாயங்காலம் மகள் தெட் ஸூ அழைத்துப் போக வருவாள். மறுபடி மகளோடு கடையில் நிற்க வேண்டும், அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

இங்கே வலியை விரட்டக் கூடாது. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று மனதுக்குள் சொல்லியபடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்பது நாள் பார்த்துச் சலித்துப்போனவள், நேற்று அதை அப்படியே இடுப்பிலிருந்து பிடுங்கி, பக்கத்து வலைக்குள் வைப்பதாக நினைத்துக்கொண்டாள். வலி சட்டென்று போய்விட்டது.

காலையில், எல்லோரும் சயாலே என்று அழைக்கும் பிக்குணியிடம் அன்றாடத் தியானக் கணக்கு ஒப்பிக்கும்போது பொய் சொன்னாள்.

"பாத்துக்கிட்டே இருந்தேன் சயாலே, தானா போயிடுச்சு."

"ஒம்பது நாளா உங்க இடுப்புப் பாட்டுதான் எனக்கு, இன்னிக்கு நின்னுடுச்சா!" சயாலே சிரித்தாள். "புடிச்சுத் தள்ளலையே?"

"இல்ல."

இப்போது பக்கத்து வலைக்குள்ளிருந்து மீன் குழம்பும் எலுமிச்சைப் புல்லும் கலந்த வாடை வந்தது, எத்தனை குளித்தாலும் அவள் மேலிருந்து போகாத வாடை. பிறகு எலும்பு சொடுக்கும் சத்தம் கேட்டது. அவள் இடுப்பின் சத்தம்தான். ஆனால் அவள் அசையவில்லை.

தொடையைக் கிள்ளிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. வயிறு தெரியவில்லை. கை தெரியவில்லை.

திரும்பி வா. வாழ்நாளில் முதல் தடவையாக வலியைக் கூப்பிட்டாள். வா.

"வலிக்குது," என்றது பக்கத்து வலை. அவள் குரல். "வலிக்குது."

மணி அடித்தது. பக்கத்து வலை உயர்ந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒருத்தி வெளியே வந்தாள்.

"அம்மா!" வாசலில் தெட் ஸூ. "வலி எப்படி இருக்கு?"

"இருக்குடி. வா, போலாம்."

மகள் அதன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். டோ நுவே யீ கத்தினாள். வாய் இல்லை. அவர்கள் வெயிலில் இறங்கிப் போனார்கள்.

சயாலே வந்து அவளுடைய வலையைத் தூக்கினாள். அவள் மடி இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தூசு தட்டிவிட்டு, பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.