டிக்கெட் வாங்காதவன்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நாலாம் நாள், துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது, எதுவுமே தெரியக்கூடாத இடப்பக்கத்தில் அவளுக்கு ஒரு சட்டைக்கை தெரிந்தது. சாம்பல் நிறம். முழங்கைவரை மட்டும். அதற்கு மேல் ஆள் இல்லை.

பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியவள். போன மாதம் ஒரு காலை, டிப்போவில் வண்டியை எடுக்கும்போது இடப்பக்கக் கண்ணாடியைக் காணவில்லை. கண்ணாடி மட்டுமில்லை, அந்தப் பக்கமே இல்லை. இருட்டாகவும் இல்லை, முதுகுக்குப் பின்னால் இருப்பது எப்படித் தெரியாதோ, அப்படிப் பாதி உலகம் போய்விட்டிருந்தது. மூளையின் பின்புறம், வலது ஓரத்தில், ரத்தம் ஓடாமல் ஒரு துண்டு செத்துவிட்டது என்றார்கள்.

சட்டைக்கையைப் பற்றி நரம்பு டாக்டருக்குப் போன் போட்டாள்.

"பயப்படாதீங்கம்மா, இது பைத்தியம் இல்ல. படம் வராத இடத்துல மூளை சும்மா இருக்காது, தானே ஒண்ணப் போட்டுக்கும். சத்தம் வராது. கண்ணைத் திருப்பிப் பாருங்க, அதுவும் கூடவே நகரும், இல்லன்னா மறைஞ்சிடும்."

திருப்பிப் பார்த்தாள். கை நழுவி இன்னும் இடப்பக்கம் ஓடியது. "இவ்வளவுதானா நீ?" என்று சிரித்துவிட்டாள்.

தங்கையிடம் மூச்சு விடவில்லை. பள்ளிக்கூட ஆபீசில் வேலை முடிந்து தினம் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போகிறவள் தங்கை. "வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துடுக்கா" என்பது அவளுடைய தினசரிப் பல்லவி. இரண்டு வாரம் தனியாகச் சமாளித்துக் காட்டினால் அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன் என்று ஒத்துக்கொண்டிருந்தாள். இந்தச் சட்டைக்கை காதில் விழுந்தால் அன்றைக்கே மூட்டை கட்டிவிடுவாள்.

கை வளர்ந்தது. தோள் வந்தது. பிடரி வந்தது. நாலைந்து நாளில், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு முழு ஆள். அவனுக்கு டிக்கெட் வாங்காதவன் என்று பேர் வைத்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "ஓசியிலேயே எத்தனை நாள் வருவே? அடுத்த ஸ்டாப்புல இறங்கிடு" என்பாள். அவன் அசையமாட்டான். கண்ணைத் திருப்பினால் ஓடிவிடுவான்.

வீடு திரும்பிய பதினோராம் நாள். வெயில் சாயும் நேரம். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகிக்கொண்டிருந்தது. குளியலறைக் குழாயிலிருந்து சொட்டு விழும் ஓசை சுவர் வழியாக வந்தது. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு நீண்டு எதிர்ச்சுவரை எட்டப் பார்த்தது. அதற்கெல்லாம் நடுவே, நெடுநேரம் மழையில் நனைந்து உடம்பிலேயே அரைகுறையாகக் காய்ந்த துணியின் புழுங்கல் வாடை மெல்லப் பரவியது. வெளியே மழையில்லை. சத்தம் வராது என்றுதான் டாக்டர் சொன்னார். வாடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

கண்ணைத் திருப்பினாள்.

அவன் ஓடவில்லை.

சுவரோரத்து நாற்காலியில் இருந்தான். அவளுக்கு நன்றாகத் தெரியும் வலப்பாதியில். அவன் தோள் காலண்டரை மறைத்தது. கண்ணை மூடினாள். திறந்தாள். இருந்தான். தலையை இப்படி, அப்படி ஆட்டினாள். இருந்தான்.

கதவு திறந்தது. தங்கை.

"என்னக்கா, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"புழுக்கம்."

தங்கை பையை வைத்துவிட்டு அடுப்படிக்கு நடந்தாள். அகலமான கூடம். நாற்காலி அருகே வந்ததும் அவள் உடம்பை ஒடுக்கி, சேலையை இழுத்துப் பிடித்து, கூட்ட பஸ்ஸில் யாருடைய முழங்காலையோ தாண்டுவதுபோல் பக்கவாட்டில் நகர்ந்து போனாள்.

"ஏண்டி ஒதுங்கிப் போறே?"

"நான் எங்க ஒதுங்கினேன்? நேராத்தானே வந்தேன்?"

அக்காவுக்குக் கோபம் வந்தது. எத்தனை குடிகாரர்களை, எத்தனை ரவுடிகளை நடுரோட்டில் வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டிருக்கிறாள்! எழுந்தாள். நாற்காலிக்கு நேராகப் போய் நின்றாள்.

"இது என் வீடு. எழுந்திரு."

அவன் எழுந்தான்.

தங்கை காபியோடு வந்தாள். "யாரோட பேசிட்டிருக்கே?" என்றபடி, காலியான அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். அவன் அவளுக்குப் பக்கத்தில் நின்றான். சாம்பல் நிறக் கை மெதுவாக இறங்கியது. தங்கையின் தோளில் படிந்தது. ரவிக்கைத் துணி ஐந்து இடத்தில் அமுங்கியது.

ஓடலாம். கத்தலாம். அவள் இரண்டும் செய்யவில்லை. எட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். ஈரத் துணி. உள்ளே எலும்பு. எலும்புக்கு மேல், நிதானமாக, ஒரு நாடி.

"அவ மேலேருந்து கைய எடு."

"என்னக்கா?" என்றாள் தங்கை, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். தன் கையைத் தூக்கி, தோளில் இருந்த அந்த விரல்களின் மேல் வைத்து, நெடுநாள் பழகிய கையைப்போல இரண்டு முறை தட்டிக்கொடுத்தாள்.

அவள் பிடியை விடவில்லை. இன்னும் இறுக்கினாள்.

அவன் முகம் இவள் பக்கம் திரும்பத் தொடங்கியது.