ஊசி உள்ளே போகவில்லை

துப்பாக்கியில் தோட்டா இல்லை. ஆனாலும் பின்பக்கம் தோட்டாவை அடிக்கும் சுத்தியலுக்கு மேலே இருக்கும் சின்ன ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

டெல்மார் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். ஜெர்மன் ராணுவம் வேண்டாமென்று கழித்துவிட்ட கைத்துப்பாக்கி அது. குழலில் தோட்டா ஏறினால் ஊசி வெளியே வரும், எடுத்துவிட்டால் உள்ளே போகும். இருட்டில்கூட விரல் வைத்தால் போதும். அதற்காகவே ஆசைப்பட்டு வாங்கினான். கிடங்கில் கிடந்த காலமெல்லாம் அப்பியிருந்த பழுப்பு கிரீஸைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பொறுமையாக வழித்தெடுத்தான். இன்று மத்தியானம் கொட்டகைக்குப் பின்னால் மண்மேட்டில் பீன்ஸ் டப்பாக்களை அடுக்கிச் சுட்டபோது, வெற்றுத் தோட்டாக் கூடுகள் மற்ற துப்பாக்கிகளைப் போல வலப்பக்கம் போகாமல் இடப்பக்கமாகத் துள்ளி விழுந்ததைப் பார்த்து, அத்தனை பெரிய மனுஷன் வாய்விட்டுச் சிரித்தான்.

மிச்சத் தோட்டாக்களை வண்டியிலேயே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தான். மனைவி வெர்னாவுக்குக் கொடுத்த வாக்கு. அவள் தம்பி, காலி என்று நம்பிய துப்பாக்கியைத் துடைக்கும்போதுதான் செத்தான். அன்றிலிருந்து இந்த வீட்டில் துப்பாக்கி வரலாம், தோட்டா வாசல் தாண்டக் கூடாது. தாண்டினால் பெட்டியைக் கட்டிவிடுவாள். சொன்னால் செய்கிறவள்.

மாடியிலிருந்து அவள் குரல் வந்தது. "டெல், காலியா இருக்கா?"

"காலிதான்."

"பாத்துட்டுச் சொல்றியா, வாய்க்கு வந்ததச் சொல்றியா?"

"பாத்துட்டுத்தான். வேணும்னா நீயே வந்து பாரு."

"துணிய மடிச்சு வெச்சிட்டு வர்றேன். நீ சொல்றத நம்பித்தான் இந்த வீட்ல தூங்குறேன், ஞாபகம் வெச்சுக்கோ."

மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து உள்ளே பார்த்தான். ஒன்றுமில்லை. பிடியை விட்டான். ஊசி மெதுவாக, தயங்கித் தயங்கி, வெளியே வந்து நின்றது.

பழைய சாமான், ஏதோ ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதை மேசைமேல் வைத்தான். ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்து சாயங்காலமே மங்கிவிட்டிருந்தது. அடுப்பில் சூடாகிக்கொண்டிருந்த சூப்பின் வாசனையை அமுக்கிக்கொண்டு, அவன் துடைத்தெறிந்த அந்தக் கிரீஸ் வாடை மறுபடி எழுந்தது, அதற்கடியில் திரிந்த பாலின் புளிப்பு நெடியும். குளிர்பெட்டியின் முனகல் சட்டென்று நின்றது. அந்த அமைதியில் மேசை மேலிருந்து ஒரு சத்தம். யாரோ எச்சில் விழுங்குகிற சத்தம்.

துப்பாக்கியைச் சட்டென்று எடுத்தான். பக்கவாட்டு நெம்புகோலை மடக்கி, மேல்பாகத்தைக் கழற்றி, குழலைத் தனியாக எடுத்தான். இனி அது வெறும் இரும்புத் துண்டு. நிம்மதியாக மூச்சு விட்டு, குழலை விளக்குக்கு நேரே பிடித்துக் கண்ணை வைத்தான். மத்தியானம் குழலின் உள்சுவரில் பளபளவென்று சுழன்று ஓடிய வரிகள் தெரியவில்லை. வெளிச்சமும் தெரியவில்லை.

அடைத்திருக்கிறது. மாடிப்படியில் காலடி.

கண்ணை மட்டும் நம்பாதே, சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார் என்பார்கள் துப்பாக்கி பிடித்துப் பழகியவர்கள். பின்பக்கமாக விரல் நுனியை விட்டான்.

சூடு. ஈரம்.

எதுவோ விரலைக் கவ்வியது. பல் இல்லை. கன்றுக்குட்டி சப்புவதைப் போலச் சப்பியது. இழுத்தான். வரவில்லை. நுனி மட்டுமே நுழையக்கூடிய ஓட்டைக்குள் விரல் முழுதாகப் போயிருந்தது.

வெர்னா சமையலறை வாசலில் நின்றாள். "என்ன, காலியா?"

அவன் அவளைப் பார்த்தான். காலியில்லை என்றால் வீட்டை விட்டே போய்விடுவாள். பயந்தான்.

"காலிதான்."

அவள் முகம் இளகியது. அருகே வந்து, அவன் கையை மெல்லத் தூக்கினாள்.

"எங்க, நானும் ஒரு தடவ பாக்குறேன்."

குனிந்து, குழலின் மறுமுனையில் கண்ணை ஒட்டி வைத்தாள்.

உள்ளே இருந்தது அவன் விரலை விட்டுவிட்டது.