ஆறாவது துளை

வாங்கியவரிடமிருந்து திரும்பி வந்திருந்த இரும்புக் கழுத்துக் கவசத்தின் தோல் வாரில் ஆறு துளைகள் இருந்தன. அதைச் செய்த குட்ரூன் எப்போதும் ஐந்துதான் போடுவாள்.

விளக்கைத் தாழ்த்தி மறுபடி எண்ணினாள். ஆறாவது துளை மற்ற ஐந்தை விட்டு வெகுதூரம் தள்ளி இருந்தது. அதில் பூட்டினால் உள்ளே ஒரு மணிக்கட்டுக்கு மட்டுமே இடம் இருக்கும். துளைக்கருவி வெட்டிய வட்டமாகவும் அது இல்லை. பக்கிளின் முள்ளே அழுத்தி அழுத்தித் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததுபோல் விளிம்பு பிய்ந்திருந்தது.

பெட்டியில் கடிதம் எதுவும் இல்லை. ஒவ்வொரு கவசத்தோடும் அவளே அச்சடித்து அனுப்பும் குறிப்புத் தாள் மட்டும் கிடந்தது. அதில் ஒரு வரியின் கீழ் பேனாவால் மூன்று முறை அழுத்திக் கோடு போட்டிருந்தார்கள்: 'தனியாக அணிய வேண்டாம். இரண்டு விரல் நுழைகிறதா என்று இன்னொருவர் பின்னாலிருந்து பார்க்கட்டும்.'

"நம்ம அறிவுரைய நமக்கே திருப்பி அனுப்பியிருக்கான் பாரு," என்றாள்.

வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த அவள் கணவன் ஹால்வோர் வாசலில் நின்று சிரித்தான். "பள்ளிக்கூட வாத்தியாரா இருப்பான். மார்க் போடாம விட்டானே."

"சிரிக்காதே. இதே அளவுல அடிச்ச பன்னிரண்டு உன் வண்டியில இருக்கு. தப்புன்னா பன்னிரண்டு பேர் கழுத்து. இரு, போட்டுக்கறேன், விரல் விட்டுப் பாரு."

"படகு போயிடும் குட்ரூன். நீ போட்டுப் பாத்துச் சொல்லு. அக்கரையில தபால்ல குடுக்கறதுக்குள்ள சொன்னாப் போதும்."

வண்டி இறங்கிப் போகும் சத்தம் குன்றின் கீழே தேய்ந்தது. நவம்பர் மாதம்; நாலு மணிக்கே ஜன்னல் கண்ணாடி கறுத்துவிட்டிருந்தது. அடுப்பில் பிர்ச் மரக்கட்டை சடசடத்தது. எண்ணெயும் சூடான இரும்பும் ஆறிப்போன காப்பியும் கலந்த மணம், பதினேழு வருஷமாக அவள் தலைமுடியிலிருந்து போகாத அந்த மணம், பட்டறையில் கனத்துக் கிடந்தது. மூன்று வாரமாகச் சுத்தியல் வீசிய தோள் இரண்டும் வேறு யாருடையவோ போல் வலித்தன. உட்கார்ந்தால் எழ முடியாது என்று தெரிந்தும் உட்கார்ந்தாள்.

கவசத்தைக் கழுத்தில் வைத்தாள். இரும்பு எதிர்பார்த்ததைவிடக் குளிராக இருந்தது. பின்கழுத்தில் தடவித் தடவி மூன்றாவது துளையில் வாரைப் பூட்டினாள். மூச்சு சீராக வந்தது. விழுங்கிப் பார்த்தாள். தலையைத் திருப்பிப் பார்த்தாள். எங்கும் இடிக்கவில்லை. அளவில் பிழை இல்லை. அப்பாடா என்று கண்ணை மூடினாள்.

பின்னாலிருந்து இரண்டு விரல்கள் நுழைந்தன.

இரும்புக்கும் தோலுக்கும் நடுவே, மெதுவாக, பழகிய கையைப்போல்.

"திரும்பி வந்துட்டியா? எதை மறந்த?" என்றாள், கண்ணைத் திறக்காமல். அந்தத் தொடுதலில் உடம்பே தளர்ந்து, நாற்காலியில் சாய்ந்தாள். விரல்கள் இடமும் வலமும் நகர்ந்தன. இடைவெளி பார்த்தன. ஹால்வோர் இப்படித்தான் பார்ப்பான்.

மேசையில் தொலைபேசி அடித்தது. ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள்.

"படகு கிளம்பிடுச்சு," என்றது ஹால்வோரின் குரல், இயந்திர இரைச்சலுக்கு நடுவே. "என்ன ஆச்சு? ரெண்டு விரல் போகுதா?"

"போகுது," என்றாள். பழக்கத்தில் வந்துவிட்டது.

"யாரு பாத்தா?"

அடுப்பு சடசடத்தது. அவள் கண்ணைத் திறந்தாள். எதிரே கறுத்த ஜன்னலில் விளக்கு தெரிந்தது. அவள் முகம் தெரிந்தது. நாற்காலிக்குப் பின்னால் சுவர் மட்டும் தெரிந்தது.

வார் ஒரு முறை அசைந்தது.

நாலாவது துளை.

கைகள் பின்கழுத்துக்குப் பாய்ந்தன. வாரின் நுனி கிடைத்தது. விறைப்பாக இருந்தது. வேறு யாரோ அதைப் பிடித்து இழுப்பதுபோல்.

ஐந்து.

"குட்ரூன்? யாரு அங்க? குட்ரூன்!"

வாய் திறந்தது. சத்தம் இல்லை. ஜன்னலில் அவள் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. பின்னால் வாரின் தோல் மெல்லக் கிழியும் ஓசை. முள் ஆறாவது துளையைத் தேடியது.

அந்த இரண்டு விரல்களும் இன்னும் உள்ளேதான் இருந்தன. அவசரமில்லாமல், இடமும் வலமும், இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.