நாட்டின் முதல் சிப்

காலை 9.10. சிப் தொழிற்சாலையின் நடு அறையில், பெரிய இயந்திரத்தின் அடியில், தலைமைப் பொறியாளர் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ஒரே அடி. பக்கத்தில் ஸ்பேனர். தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிய வெளிநாட்டு மெக்கானிக்தான் முதலில் பார்த்தார். மறுநாள், நாட்டின் முதல் சிப்பை அமைச்சர் தூக்கிக் காட்டுவதாக ஏற்பாடு.

9.50. இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குக் கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பைக் கொடுத்தார்கள். தோளில் பளிச்சென்று மஞ்சள் பட்டை.

"வெளியாளுங்களுக்கு மட்டும்தான் மேடம் பட்டை. நான் போட்ட விதி," என்றார் மேனேஜர். பிணம் கிடக்கும்போதும் மனிதருக்குப் பெருமை குறையவில்லை.

உள்ளே விளக்கெல்லாம் மஞ்சள். வெள்ளை வெளிச்சம் பட்டால் தகட்டில் பூசிய மருந்து கெட்டுவிடுமாம். பிணம் கிடந்த இடத்தைக் காட்டுவதற்காக மேனேஜரும் மெக்கானிக்கும் கூடவே வந்தார்கள்.

"மேனேஜர் சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். எதிரில் இருந்தவர் திருதிருவென விழித்தார். அவர் மெக்கானிக்!

அன்று அந்தக் கதவைத் திறந்த அட்டைகள் மூன்றே மூன்று: செத்தவருடையது, மெக்கானிக்குடையது, மேனேஜருடையது. வெளியே போவதைக் கதவு குறித்துக்கொள்ளாது.

10.30. மேனேஜர் அறை.

"எட்டு மணிக்கு உள்ள போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துட்டேன். எட்டு நாப்பதுக்கு நடைபாதைக் கண்ணாடி வழியா பாத்தேன். ஸ்பேனரோட ஒருத்தன் நின்னான்."

"முகம்?"

"மூடியிருந்துது. ஆனா தோள்ல மஞ்சள் பட்டை. மெக்கானிக் வேலை செய்யறான்னு நினைச்சுட்டேன்."

ஸ்பேனர் மெக்கானிக்குடையதுதான். அவர் தேநீர் குடித்ததைப் பார்த்தவர் யாருமில்லை. ஊரில் மனைவி நிறைமாதம். இங்கே கொலைக்குத் தூக்கு. மனிதர் அழக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் மறுபடி மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு நுணுக்கமா சிப் செய்ய எத்தனை நாட்டால முடியும்?"

"தைவான், தென்கொரியா, அமெரிக்கா... விரல் விட்டு எண்ணிடலாம் மேடம். நாளையிலேர்ந்து நாமளும்!"

செத்தவரின் பெட்டகத்தை உடைத்தார்கள். அமைச்சருக்கு எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த கடிதம்: 'நாளை காட்டப்போகும் சிப் இங்கே செய்தது அல்ல. வெளிநாட்டில் வாங்கி, மேலிருந்த எழுத்தைத் தேய்த்து அழித்திருக்கிறார்கள். எங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் வேண்டும்.'

11.30. மேனேஜரை நடைபாதைக் கண்ணாடி முன் நிறுத்தினார் இன்ஸ்பெக்டர். மஞ்சள் அறைக்குள் ஒரு வெள்ளை உடுப்பு நின்றது.

"யார் அது?"

மேனேஜர் உற்றுப் பார்த்தார். "பட்டை இல்லையே. நம்ம ஊழியர் யாரோ."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் தட்டினார். உடுப்பு வெளியே வந்தது. நடைபாதையின் வெள்ளை வெளிச்சத்தில், தோளில் மஞ்சள் பட்டை. உடுப்புக்குள் இருந்தவர் போலீஸ்காரர்.

மேனேஜரின் முகம் செத்துப்போனது.

"அந்த வெளிச்சத்துல வெள்ளையும் மஞ்சளும் ஒண்ணுதான் சார். காலைல நானே ஆள் மாத்திக் கூப்பிட்டேன். நீங்க பட்டையைப் பாத்திருக்கவே முடியாது. உள்ள வந்தது மூணு பேர். ஒருத்தர் செத்துட்டாங்க. இன்னொருத்தர் மேல பழி போட நீங்க பொய் சொன்னீங்க. மேசைல உக்காந்து விதி போட்டா இப்படித்தான்."

மேனேஜர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். "எல்லாத்தையும் சொல்லிடுவேன்னு நின்னாங்க மேடம். நாட்டு மானமே போயிருக்கும். அந்த வரிசைல நம்ம பேரு வர வேண்டாமா?"

இன்ஸ்பெக்டர் ஆத்திரத்தோடு விலங்கை எடுத்தார்.

"வந்திருக்கும் சார். ரெண்டே வருஷத்துல. அதை செய்யத் தெரிஞ்ச ஒரே தலையைத்தான் நீங்க உடைச்சிருக்கீங்க."