கிளட்ச் சொன்ன சாட்சி

"ஐயோ... ஜூட்!"

சுஜாவின் அலறலில், முக்கொம்பு பூங்காவில் சுண்டல் தின்றுகொண்டிருந்த கூட்டம் மொத்தமும் திரும்பியது.

மதகுக்குக் கீழே, கரையில் கிடத்தியிருந்தார்கள். காலையில் சட்னியில் உப்பில்லை என்று சண்டை போட்டுவிட்டுப் போன புருஷன். பின்மண்டையில் காயம். சட்டையெல்லாம் காவிரித் தண்ணீர்.

பக்கத்தில் தலையில் அடித்துக்கொண்டு அழுதவன் பிராங்க்ளின். ஜூட்டோடு ஒரே பாய்லர் கம்பெனியில் வேலை. இவர்கள் கல்யாணத்துக்கு மாதா கோவிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன்!

"அஞ்சு மணிக்கு இங்க வாடான்னான் தங்கச்சி... டயத்துக்கு வந்திருந்தா விழாம பிடிச்சிருப்பேனே! ஸ்ரீரங்கத்துல கிளம்பினதுல இருந்து கிளட்ச் ஸ்லிப்பு. ஆக்ஸிலேட்டரை முறுக்குறேன்... இன்ஜின் கத்துது... வண்டி நகர மாட்டேங்குது! உருட்டாத குறையா வந்து சேர்ந்தா... பொணமாக் கிடக்கான்!"

கொஞ்சம் நிறுத்தினான். பிறகு கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி...

"ஞாயித்துக்கிழமை நீதானேம்மா என் வண்டியை சர்வீஸ் பண்ணே? உன்னைக் குத்தம் சொல்லலை..."

சொல்லிவிட்டு, சொல்லவில்லை என்கிறான். நல்லா இருக்கு நியாயம்!

ஆனால் அது பலித்தது. தென்னூரில் டூவீலர் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவள் சுஜா. அவள் கை பட்ட வண்டி நின்றதால்தான் அவள் புருஷன் செத்தான் என்று ஊரே பேசியது. மாமியார் ரோசரி, கல்லறைத் தோட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள்.

"உன் கையாலயே என் புள்ளையை அனுப்பி வச்சிட்டியேடி!"

சுஜாவுக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. என் கையா? நிஜமாகவே என் கைதானா?

மறுநாளே இன்ஸ்பெக்டர் அழகிரிக்கு போன் போட்டாள்.

"சார், கேஸுக்காக ஸ்டேஷன்ல நிக்கிற அந்த வண்டியை நான் பார்க்கணும். தப்பு என்னோடதுன்னா கடையை இழுத்து மூடிடறேன்."

"ரூல்ஸ் இடம் கொடுக்காதும்மா."

"என் மனசு தூங்க விடலையே சார்!"

அழகிரி பெருமூச்சு விட்டார். "கொண்டு வர்றேன். ஆனா வீடியோ எடுப்போம். பிராங்க்ளினும் கூட இருக்கணும்."

கடை வாசலில் மினி வேனில் பைக் வந்து இறங்கியது. பின்னாலேயே பிராங்க்ளின்.

"எதுக்கு தங்கச்சி இதெல்லாம்? போனவன் வரப்போறானா?"

"எனக்குத் தெரியணும்ணே."

கான்ஸ்டபிள் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். சுஜா கிளட்ச் லீவரை இரண்டு விரலால் அமுக்கினாள். அவள் முகம் செத்துப்போனது.

"லீவர்ல ஆட்டமே இல்ல சார். ஒரு ரூபாய்க் காசு நுழையற அளவுக்கு இடைவெளி விடணும். கேபிள் இப்படி இழுத்துப் பிடிச்சா உள்ள பிளேட்டுங்க சேர்ந்து பிடிக்காது. வழுக்கும்."

"நான் சொன்னப்ப யாரும் நம்பல!" என்றான் பிராங்க்ளின்.

சுஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேபிள் முடிகிற இடத்தில் டார்ச் அடித்தாள்.

அடித்தவள்... அப்படியே உறைந்தாள்!

"சார்... கேபிளை அட்ஜஸ்ட் பண்ணி முடிச்சதும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து நெயில் பாலிஷ்ல ஒரு கோடு இழுப்பேன். கோடு முழுசா இருந்தா யாரும் கை வைக்கலைன்னு அர்த்தம். இதைப் பாருங்க."

சிவப்புக் கோடு பாதி ஒரு பக்கம், பாதி மறுபக்கம்.

"குலுங்கி ஓடுற வண்டிம்மா," என்றான் பிராங்க்ளின் அவசரமாக. "தானா திரும்பியிருக்கும்."

"குலுங்கினா நட்டு லூஸாகும்ணே. லூஸானா கியர் விழாது, ஸ்லிப் ஆகாது. இது இறுகியிருக்கு. நட்டு தானா இறுகி எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

பிராங்க்ளினின் நெற்றியில் வியர்வை.

"அ... அது... வழியில நான்தான் திருப்பிப் பார்த்தேன். சரியாகுமான்னு..."

"சரி." சுஜா இன்ஜின் ஆயில் மூடியைத் திருகி எடுத்து அழகிரியிடம் நீட்டினாள். "மோந்து பாருங்க சார்."

"ஆயில் வாசம்தான் அடிக்குது."

"அதான் சார்! முக்கொம்பு வரைக்கும் ஸ்லிப் ஆகிட்டே வந்திருந்தா பிளேட் தீஞ்சு, அடிப்பிடிச்ச சோறு மாதிரி நாறும்."

ஸ்பேனரால் நட்டை இரண்டு சுற்று தளர்த்தினாள். ஸ்டார்ட் செய்து, பிரேக்கை அமுக்கிப் பிடித்து, கியர் போட்டு, கிளட்சை விட்டாள்.

டப்! இன்ஜின் அணைந்தது.

"பிளேட் வழுக்கியிருந்தா இன்ஜின் ஓடிட்டே இருக்கும். அணைஞ்சுடுச்சு. பிளேட் கல்லு மாதிரி பிடிக்குது சார்."

மறுபடி குனிந்து நட்டைத் திருகிக்கொண்டே பேசினாள்.

"சொன்ன நேரத்துக்கே முக்கொம்புக்குப் போயிருக்கீங்க. அவரை முடிச்சுட்டு, அங்கேயே நட்டை இறுக்கியிருக்கீங்க. அந்த நட்டு எங்க இருக்குன்னு சர்வீஸ் பண்றப்ப உங்களுக்குக் காட்டினதே நான்தான்! தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிட்டு, பழியை என் தலையில கட்டிட்டீங்களே... எங்க கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட்ட கையாடா அது?"

'அண்ணே' போய் 'டா' வந்துவிட்டது. புருஷனைப் பறிகொடுத்ததைவிட, கூடப்பிறந்தவன் போல நம்பினவன் ஏமாற்றியதுதான் அவளை அதிகம் எரித்தது.

பிராங்க்ளின் வெடித்தான்.

"பாய்லர்ல கிராக் விட்ட வெல்டிங்கை நான் சரின்னு பாஸ் பண்ணிட்டேன்னு ஜூட் கண்டுபிடிச்சுட்டான்! நீயே போய் ஒத்துக்கோ, இல்லன்னா நான் சொல்லிடுவேன்னான். காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன்... கேக்கல. தள்ளிட்டேன்!"

சொன்ன வேகத்தில் கான்ஸ்டபிளைப் பிடித்துத் தள்ளினான். பைக்கில் பாய்ந்தான். ஸ்டார்ட்! கியர்! ஆக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கினான்.

வ்ர்ர்ர்ரூம்...!

இன்ஜின் கத்தியது. வண்டி ஒரு அங்குலம்கூட நகரவில்லை!

இன்னும் முறுக்கினான். இன்னும் கத்தியது. எதிர் டீக்கடையில் வடையைக் கடித்தவர்கள் மெல்ல மறந்து பார்த்தார்கள். அழகிரி அவசரமே இல்லாமல் நடந்துபோய் அவன் சட்டைக் காலரைப் பிடித்தார்.

விலங்கு மாட்டியதும் திரும்பினார்.

"ஏம்மா, இப்பத்தானே பிளேட் கல்லு மாதிரி பிடிக்குதுன்னே? அப்புறம் ஏன் நகரலை?"

சுஜா ஸ்பேனரைத் துணியில் துடைத்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டுதான் இருந்தது.

"ஸ்லிப் ஆகுதுன்னு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்திருக்காரே சார்... பெரிய மனுஷன் வாக்கு பொய்யாகிடக் கூடாதுல்ல? அதான் நாலு சுத்து இறுக்கி உண்மையாக்கிட்டேன்!"